பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றணுமா, மாத்தணுமா? வாடகை வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

வாடகைக்கு வீடு பார்க்கப் போனா என்னென்ன கேட்போம்? தண்ணி எப்படி வருது, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, வண்டி நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எத்தனை மாசம்... பாத்ரூமை எட்டிப் பார்த்து 'வெஸ்டர்னா, இந்தியனா' என்று கேட்பதோடு அந்தப் பக்கம் முடிஞ்சுரும். அந்தக் கதவோட தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கு, உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க வழி இருக்கா என்று யாரும் கை வைத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளி இருந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

பெரும்பாலான வீடுகளில் இதுக்கு ஒரே ஒரு தீர்வுதான் வெச்சிருக்காங்க. "தாழ்ப்பாள் போடாதே, சும்மா சாத்திக்கோ, நாங்க யாரும் வர மாட்டோம்." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் 30 வயதான ஒருவரை வாழ்நாள் முழுக்க தாழ் போடாத கதவுக்குப் பின்னால் குளிக்கச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சொல்பவர்களுக்குத் தெரிவதில்லை. உறவினர் வந்திருப்பார், பக்கத்து வீட்டுப் பையன் வந்திருப்பான், கேபிள்காரர் வந்திருப்பார். ஒவ்வொரு முறையும் "உள்ளே நான் இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே குளிக்கணும். பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதுவும் முடியாது.

பாதுகாப்பா, மரியாதையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. உள்ளேயிருந்து பூட்டலாம், அவசரத்துக்கு வெளியேயிருந்து திறக்கலாம். அந்த மாதிரி தாழ்ப்பாள் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்குது. வாடகை வீட்டிலும் மாட்டலாம். எப்படின்னு பார்ப்போம்.

உங்க வீட்டுக் கதவில் இருப்பது எது?

நம்ம ஊர் வாடகை வீடுகளில் பாத்ரூம் கதவு என்றால் பெரும்பாலும் பிவிசி கதவு, இல்லைன்னா தகடு அடித்த மரக்கதவு. அதில் உள்பக்கம் இருப்பது நீளமான தாழ்ப்பாள். கம்பியைத் தள்ளி, திருகி, மடக்கிவிடுவோமே, அதுதான். விலை குறைவு, மாட்டுவது சுலபம் என்பதால் கட்டுமானத்தின்போது மொத்தமாக வாங்கி எல்லாக் கதவுக்கும் அடித்துவிடுவார்கள். பல வீடுகளில் இது கதவின் மேல் ஓரத்தில், நின்றுகொண்டு கையை உயர்த்தினால் எட்டும் இடத்தில் இருக்கும். குழந்தைகள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைப்பதும் உண்டு.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, வீல்சேரில் இருப்பவருக்கும், தவழ்ந்து செல்பவருக்கும், குள்ளத்தன்மை உள்ளவருக்கும் அது எட்டவே எட்டாது. இரண்டாவது, போட்டுவிட்டால் வெளியிலிருந்து திறக்க எந்த வழியும் இல்லை. உடைக்கத்தான் வேணும்.

கொஞ்சம் புதிய அபார்ட்மென்ட்களில் உருண்டைப் பிடி வைத்த பூட்டு இருக்கும். உள்பக்கம் நடுவில் ஒரு பட்டன், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கப் பிடியின் நடுவில் பாருங்கள்... ஒரு சின்ன ஓட்டையோ, காசு நுழையும் அளவுக்கு வெட்டோ, சாவித் துவாரமோ இருக்கும். அவசரத்துக்கு அங்கேதான் திறக்கணும். பல வருஷம் குடியிருப்பவர்களே அது எதுக்குன்னு தெரியாமல் இருப்பார்கள். ஓட்டையாக இருந்தால் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அழுத்தினால் திறக்கும். வெட்டாக இருந்தால் காசையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டுத் திருப்பினால் போதும். சாவித் துவாரம் என்றால்தான் தலைவலி. அந்தச் சாவி பெரும்பாலும் முதல் குடித்தனக்காரர் காலத்திலேயே தொலைந்திருக்கும். ஓனரிடம் கேட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் அது.

ஆனால் உருண்டைப் பிடியும் எல்லாருக்கும் ஒத்துவராது. சோப்புக் கையோடு அதைத் திருப்பிப் பாருங்கள். நமக்கே வழுக்கும். பக்கவாதத்தால் ஒரு கை மட்டும் இயங்குபவர்கள், பார்கின்சன் நடுக்கம் உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயால் விரலில் பலம் குறைந்தவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்து விரல்களை இழந்தவர்கள்... இவர்களுக்கு அது பூட்டே இல்லை, பொறி.

கடையில் என்ன கேட்கணும்?

"பாத்ரூம் லாக் வேணும், உள்ளே திருகு, வெளியே காசு வெட்டு இருக்கணும்" என்று கேளுங்கள். நீளமான கைப்பிடியோடு வரும் இந்த வகையில், உள்பக்கம் சின்ன திருகு இருக்கும். வெளிப்பக்கம் அதே இடத்தில் ஒரு வெட்டு. ஒரு ரூபாய் காசை அதில் விட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் திருகும் சேர்ந்து திரும்பும். சாவி என்ற ஒன்றே கிடையாது, அதனால் தொலைக்கவும் முடியாது. மரக்கதவுக்கு இது நல்லா உட்காரும். கதவின் தடிமனில் குடைந்து பொருத்த வேண்டியிருப்பதால் கார்பெண்டர் வேலை.

உள்ளே வெறும் கூடாக இருக்கும் பிவிசி கதவில் அப்படிக் குடைந்தால் கதவே பலவீனமாகிவிடும். அதுக்கு வேற வழி இருக்கு. மால், தியேட்டர், ஆபீஸ் கழிவறைகளில் பார்த்திருப்பீர்கள், உள்ளே பூட்டினால் வெளியே சிவப்பு தெரியும், திறந்தால் பச்சை. அந்தத் தாழ்ப்பாள் மெல்லிய கதவுகளுக்காகவே செய்யப்பட்டது. வெளிப்பக்கம் காசால் திருப்பும் வசதி அதிலும் பல மாடல்களில் உண்டு. வாங்கும்போது பெட்டியைப் பிரித்து அந்த வெட்டு இருக்கான்னு பார்த்து வாங்குங்கள். சிவப்பு-பச்சை வெறும் அழகுக்கு இல்லை. உள்ளே இருப்பவருக்குக் காது கேட்காது என்றால், வெளியே இருப்பவர் கதவைத் தட்டிப் பயனில்லை. நிறத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

எந்த மாடலாக இருந்தாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். விரல்களை மடக்கி, முஷ்டியை மூடிக்கொண்டு, ஒரே கையால் அந்தத் தாழ்ப்பாளைப் போடவும் எடுக்கவும் முடிகிறதா? முடிந்தால் பலம் குறைந்த கைக்கும் அது ஒத்துவரும். முடிந்தால் பயன்படுத்தப் போகிறவரையே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. மற்றவர்கள் கை வைத்துப் பார்த்து 'ஈஸியாத்தான் இருக்கு' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

உயரத்தையும் அப்படித்தான் முடிவு செய்யணும். புத்தகத்தில் போட்ட அளவு நல்ல தொடக்கம், ஆனால் வீட்டுக்குள் இருக்கப்போவது ஒரு குறிப்பிட்ட ஆள். வீல்சேரில் உட்கார்ந்தபடி, அல்லது தரையில் அமர்ந்தபடி, சிரமம் இல்லாமல் கை எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அங்கே மாட்டச் சொல்லுங்கள். நின்றால் மட்டுமே எட்டும் உயரத்தில் மாட்டினால், ஒரு நாள் விழுந்தவர் தரையிலிருந்து அதை எட்ட முடியாது என்பதையும் நினைவில் வைங்க.

பணம் இப்போதைக்கு இல்லை என்றால், இருக்கும் தாழ்ப்பாளையே கழற்றிக் கீழே மாட்டுவது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். வெளியிலிருந்து திறக்கும் சிக்கல் அப்படியே இருக்கும். அதுக்கு ஒரு தற்காலிக வழி, பழைய வீடுகளில் இருக்குமே, வளையத்தில் மாட்டும் கொக்கி. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நுழைத்து வெளியிலிருந்தே மேலே தூக்கிவிடலாம். திருடனைத் தடுக்க அது உதவாது. ஆனால் பாத்ரூமில் திருடனுக்கு என்ன வேலை!

எல்லாருக்கும் ஒரே பூட்டு சரிவராது

வலிப்பு அடிக்கடி வருபவர்கள் பூட்டாமல் இருப்பதே நல்லது என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். அவர்களுக்குக் காசு வெட்டு வைத்த பூட்டுகூட சில வினாடி தாமதம்தான். இங்கே கதவில் தொங்கவிடும் ஒரு பலகை போதும். 'உள்ளே ஆள்' என்று எழுதி ஒரு கயிற்றில் மாட்டிவிட்டு, அதைப் பார்த்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாக விருந்தாளிகளுக்கும் சொல்லி வைக்கணும். பலகை இருக்கும்போது கதவைத் திறப்பவரை வீட்டில் யாரும் 'பரவாயில்லை விடு' என்று விட்டுவிடக் கூடாது.

பார்வை இல்லாதவர்களுக்குப் பூட்டு எட்டுவது பிரச்சினை இல்லை. விழுந்தது விழுந்ததா, திருகு எந்த நிலையில் நிற்குது என்பது கைக்குத் தெரியணும். திருகின் ஒரு பக்கத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் காயவிட்டாலோ, சின்ன ரப்பர் ஸ்டிக்கர் ஒட்டினாலோ போதும். மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு வெள்ளைக் கதவில் வெள்ளைத் தாழ்ப்பாள் கண்ணுக்கே தெரியாது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

காது கேளாதவர் உள்ளே இருக்கும்போது கூப்பிடணுமா? நம்ம வீடுகளில் பாத்ரூம் சுவிட்ச் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். லைட்டை இரண்டு முறை அணைத்துப் போடுவது என்று வீட்டுக்குள் ஒரு பாஷை வெச்சுக்கலாம். மூன்று முறை என்றால் 'உடனே வா'. பதிலுக்கு உள்ளேயிருந்து கதவை இரண்டு தட்டு தட்டணும் என்பதையும் சேர்த்தே பேசி வையுங்கள். தட்டு வரவில்லை என்றால் காசை எடுக்க வேண்டிய நேரம்.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் தாழ்ப்பாளையே கழற்றி எறிந்துவிடுவது சகஜம். பிள்ளை உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறிய ஒரு நாள் போதும், அதுக்கப்புறம் யாருக்கும் தாழ்ப்பாள் மேல் நம்பிக்கை வராது. புரிஞ்சுக்க முடியுது. ஆனால் 6 வயதில் கழற்றியது 16 வயதிலும் அப்படியே இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவது, தன் உடம்பை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டிய பாடம்தானே? பூட்டே இல்லாத கதவில் அதைக் கற்றுத்தர முடியாது. வெளியே திறக்கும் வசதி இருந்தால் தைரியமாகப் பழக்கலாம்.

கதவு உள்பக்கம் திறந்தால்?

பூட்டைவிடப் பெரிய ஆபத்து சில சமயம் இதுதான். நம்ம வீடுகளில் பாத்ரூம் கதவுகள் பெரும்பாலும் உள்ளே தள்ளித் திறப்பவை. பாத்ரூமோ 4 அடிக்கு 6 அடி இருக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். காசு போட்டுப் பூட்டைத் திறந்தாலும் கதவு நகராது. வேகமாகத் தள்ளினால் விழுந்தவர் தலையில் இடிக்கும்.

அதனால்தான் மத்திய அரசின் தடையற்ற கட்டட வழிகாட்டு நெறிமுறைகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைக் கதவு வெளிப்பக்கமாகவோ, இரண்டு பக்கமுமாகவோ, பக்கவாட்டில் நகர்வதாகவோ இருக்கணும், திறந்த வழியின் அகலம் குறைந்தது 900 மில்லிமீட்டர் இருக்கணும், அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க முடியணும் என்று சொல்லியிருக்காங்க. நம்ம வாடகை வீட்டுப் பாத்ரூம் கதவுகளில் பெரும்பாலானவை இரண்டரை அடி, அதாவது 750 மில்லிமீட்டர்தான். நிலையோடு சேர்த்து இடித்துப் பெரிசாக்குவது வாடகைக்கு இருப்பவரால் ஆகிற காரியம் இல்லை. ஆனால் கதவு திறக்கும் திசையை மாற்றலாம். கீலைக் கழற்றி, நிலையில் கதவு உட்காரும் பள்ளத்தைச் சரிசெய்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டித் தர ஒரு கார்பெண்டருக்கு அரை நாள், ஒரு நாள் வேலை. வெளியே நடைபாதை குறுகலாக இருந்தால் மட்டும் யோசிக்கணும், திறக்கும் கதவு இன்னொருவர் மேல் படக் கூடாது. அங்கே மடிப்புக் கதவு பொருந்தும். அது கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் எந்தப் பக்கம் விழுந்தாலும் திறக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். கதவின் பிடியையோ, தாழ்ப்பாளையோ, டவல் போடும் கம்பியையோ பிடித்து எழுந்திருக்கக் கூடாது. நாலு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் அவை ஒரு ஆளின் எடையைத் தாங்காது. பிடித்து எழ வேணும் என்றால் சுவரில் தனியாகக் கைப்பிடிக் கம்பி அடிக்கணும்.

வெளித் தாழ்ப்பாள்: பேசாமல் விடும் விஷயம்

பல பாத்ரூம் கதவுகளில் வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். பூனை, எலி போகாமல், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்தது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாராவது பழக்கதோஷத்தில் அதைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டால்? குரல் கொடுக்க முடியாதவர், காது கேளாதவர் உள்ளே எத்தனை நேரம் இருக்கணும்?

இன்னொன்றும் இருக்கு. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையை, மறதி நோய் உள்ள பெரியவரை 'கொஞ்ச நேரம்' அடைத்து வைக்க இந்தத் தாழ்ப்பாள் பயன்படுவது நடக்காத விஷயம் இல்லை. கேட்டால் பாதுகாப்புக்கு என்பார்கள். ஈரத் தரையில், தனியாக, பயந்துபோன ஒருவரைப் பூட்டி வைப்பது எந்தக் கணக்கிலும் பாதுகாப்பில் வராது. கதவு ஆடாமல் நிற்கணும் என்றால் பீரோக் கதவில் இருக்கும் காந்தப் பிடிப்பான் போதும், இழுத்தால் திறந்துகொள்ளும். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டில் முதல் நாளே, செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலை இது.

ஹவுஸ் ஓனர் ஒத்துக்கணுமே?

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். 'ஆணி அடிக்கக் கூடாது'ன்னு சொல்ற ஓனர் பூட்டை மாத்த விடுவாரா?

2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அதுதான் பொருந்தும். கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், கழிவறைப் பழுது போன்றவையும், கதவு-ஜன்னல்களின் பிடிகள், பூட்டுகளை மாற்றுவதும் வாடகைதாரர் பக்கம்.

அதாவது பூட்டுக்கான செலவு பெரும்பாலும் உங்களுடையதுதான். கேட்க வருத்தமா இருக்கும், ஆனால் இதில் ஒரு சாதகமும் இருக்கு. பூட்டு மாற்றுவதைச் சட்டமே வாடகைதாரர் செய்யும் சாதாரண வேலையாகப் பார்க்குது. அதைச் செய்ததுக்காக யாரும் உங்களைக் குற்றவாளி மாதிரி நடத்த முடியாது. கதவு திறக்கும் திசையை மாற்றுவது, நிலையைச் செதுக்குவது, சுவரில் துளை போட்டுக் கைப்பிடி அடிப்பது இதெல்லாம் வேற. எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கட்டமைப்பில் மாற்றம் செய்வது வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடலாம். அதனால் வாங்கிட்டுச் செய்யுங்க.

நேரில் பேசுங்கள், பிறகு பேசியதை வாட்ஸ்அப்பிலும் போட்டு வையுங்கள். இந்த மாதிரி:

"வணக்கம் சார். நேத்து பேசின மாதிரி, பாத்ரூம் கதவு மேல் தாழ்ப்பாள் அம்மாவுக்கு எட்டலை. வெளியிலிருந்தும் திறக்க முடியற பூட்டு ஒண்ணு எங்க செலவுல மாட்டிக்கறோம். பழைய தாழ்ப்பாளைப் பத்திரமா எடுத்து வெக்கறோம். காலி பண்ணும்போது திரும்ப மாட்டித் தந்துடறோம். போட்டோ அனுப்பியிருக்கேன். சரின்னு ஒரு பதில் போட்டுடுங்க சார்."

அந்த 'சரி' என்ற ஒரு வார்த்தை, அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் நாளில் ரொம்ப உதவும். மாட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைங்க. கழற்றிய தாழ்ப்பாளையும் அதன் ஸ்க்ரூக்களையும் ஒரு கவரில் போட்டு 'பாத்ரூம்' என்று எழுதி லாஃப்டில் வைத்துவிடுங்கள். பழைய துளைகளை மரக்கதவில் மரப்பட்டி வைத்து அடைக்கலாம். பிவிசி கதவில் துளை மறையாது, அதனால் புதுப் பூட்டின் தகடு பழைய துளைகளை மூடுகிற மாதிரி இடம் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால், காலி செய்யும்போது ஒரு கதவின் விலை வரை போகலாம் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓனருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் உடைபடப் போவது அவர் கதவுதான்.

புது வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது. குடியேறிய பிறகு கேட்டால் சலுகை மாதிரி ஆகிடும். ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டம் ஓனரைக் கட்டாயப்படுத்துமா?

நேரடியாக, இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லுது. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்லுது. தேவையான, நியாயமான வசதிகள் கிடைக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை அரசுக்குக் கொடுக்குது. ஆனால் ஒரு தனியார் வீட்டு ஓனர் பாத்ரூம் பூட்டை மாற்றித் தரணும் என்று அதில் ஒரு வரி கிடையாது. கட்டடங்களின் அணுகல் விதிகளையே பார்த்தால், 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அவை கட்டாய விதிகளாக இல்லாமல் வெறும் வழிகாட்டுதல்களாக இருப்பது சட்டத்துக்கே பொருந்தாது என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கும் பொது இடங்களைப் பற்றியதுதான். வாடகை வீட்டுக் கதவு வரை சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

மாற்றுத்திறனாளி என்பதற்காகவே வீடு தர மறுப்பது, காலி செய்யச் சொல்வது போன்ற சிக்கல் என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். பூட்டு மாதிரி விஷயத்துக்கு மனுவைவிட மேலே சொன்ன வாட்ஸ்அப் மெசேஜ் சீக்கிரம் வேலை செய்யும் என்பது என் கருத்து.

உள்ளே மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் "எங்கே விழுந்திருக்கீங்க, கதவுகிட்டயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தொடணும். உள்பக்கம் திறக்கும் கதவை உதைக்கவே கூடாது. மெதுவாக அழுத்தி, இடைவெளி கிடைக்கிற வரை தள்ளுங்கள்.

ஹீட்டரோ, வாளியில் போடும் தண்ணி சூடாக்கும் ராடோ போட்டிருந்தால், உள்ளே போகும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஷாக் அடித்தவரை அப்படியே தொட்டால் அடுத்து விழப்போவது நீங்கள். உள்ளே கேஸ் கீசர் இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். காற்று போகாத பாத்ரூமில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆள் மயங்கி விழும் வரை தெரியாது. கதவைத் திறந்து, கேஸை மூடி, அவரை உடனே காற்றோட்டத்துக்குக் கொண்டு வரணும். தனியாக எழுந்து வர முடியாத ஒருவர் குளிக்கும் அறைக்குள் கேஸ் கீசரே இருக்கக் கூடாது. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதுக்கு ஈடாகாது.

காசு வெட்டு இல்லாத பழைய தாழ்ப்பாள் என்றால், வென்டிலேட்டரில் இருக்கும் கண்ணாடிப் பட்டைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம். தரைத்தளம் அல்லது பால்கனிப் பக்கம் என்றால் மட்டும் செய்யுங்கள். அபார்ட்மென்ட் பைப் லைன் சந்துக்குள் இறங்கி வீரம் காட்ட வேண்டாம். நேரத்தை வீணாக்காமல் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு 101, அல்லது 112. பூட்டிய கதவைத் திறந்து ஆளை மீட்பது அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைதான், தயங்க வேண்டியதில்லை. மயக்கம், அடி என்றால் கூடவே 108.

கதவு திறந்ததும் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. எலும்பு முறிந்திருந்தாலும், வெந்நீர் கொட்டித் தோல் வெந்திருந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. "வலி இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை நம்பிவிடாமல் கண்ணால் பார்த்து உறுதிசெய்யணும்.

வெளியே கேட்கிற மாதிரி ஒரு மணி

விழுந்த விஷயம் வெளியே தெரிந்தால்தானே திறப்பதற்கு? ஒயர் இல்லாத காலிங் பெல் ஆன்லைனிலும் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பட்டனைப் பாத்ரூம் உள்ளே, தரையில் கிடந்தாலும் கை எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். மணி ஹாலில் இருக்கட்டும். தண்ணீர் தெறித்தாலும் கெடாதது என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு பட்டனும் சேர்ந்து வரும் செட் என்றால் அதைப் படுக்கை பக்கத்தில் வெச்சுக்கலாம். வீட்டில் இருப்பவருக்குக் காது கேட்காது என்றால் மணியோடு விளக்கும் மின்னும் மாடல் வேணும்.

தனியாக வசிப்பவர்களுக்கு ஹாலில் மணி அடித்து என்ன பயன்? அவர்கள் போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்திலோ, தரையை ஒட்டிய கொக்கியிலோ மாட்டிக்கொள்வது நல்லது. ஷெல்ஃபில் வைத்த போன் விழுந்தவருக்கு எட்டாது. வாசல் கதவைத் திறக்க ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கணும். பாத்ரூம் பூட்டு வெளியிலிருந்து திறந்தாலும் வாசல் கதவு திறக்காவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது.

பூட்டை மாட்டிய அன்றே, உள்ளே ஒருவர் பூட்டிக்கொள்ள, வெளியே ஒருவர் காசால் திறந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் குழந்தை, வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். அந்த ஒரு ரூபாய் காசை செலோ டேப்பால் கதவு நிலைக்கு மேலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். யுபிஐ காலத்தில் அவசரத்துக்கு யார் சட்டைப் பையிலும் சில்லறை இருக்காது.